கட்டண விலக்கு என்றால் முழுப் படிப்பும் இலவசமா? அவசர சேவையாளர் குடும்பங்களுக்கான சலுகை பற்றி ஓர் எளிய விளக்கம்

"அமெரிக்காவில் தீயணைப்புப் படைக்காரரின் பிள்ளை என்றால் கம்பஸ் முழுக்க இலவசமாம்." இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடும் இடங்களில் இப்படியொரு பேச்சு அடிபடுகிறது. பேச்சு அதோடு நிற்பதில்லை. "கனடாவில் எங்கள் சித்தப்பா அம்புலன்ஸில்தானே வேலை செய்கிறார், அவர் பேரில் மகளுக்கு எடுக்க முடியாதா?" என்று அடுத்த கேள்வி வருகிறது. டவுனில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர் நிலையத்தின் பதாகையிலும் அதே "கட்டண விலக்கு" பெரிய எழுத்தில் தொங்குகிறது.

இவை மூன்றும் வேறு வேறு சங்கதிகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நட்டம் நமக்குத்தான். அம்மாவின் நகையும் அப்பாவின் சேமலாப நிதிக் காசும் ஒரு தவறான நம்பிக்கையில் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை அடியிலிருந்து விளக்குகிறேன்.

சீசன் டிக்கெட்டிலிருந்து தொடங்குவோம்

பாடசாலைப் பிள்ளையிடம் இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் சீசன் டிக்கெட் இருக்கிறது. கண்டக்டர் வந்ததும் அட்டையைக் காட்டுகிறது. அவர் காசு கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். பிள்ளையின் பார்வையில் பயணம் இலவசம் மாதிரித்தான். ஆனால் பஸ்ஸுக்கு டீசல் யாரோ ஊற்றத்தான் வேண்டும். குடும்பம் மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டுகிறது, மிச்சத்தை அரசு பொறுப்பேற்கிறது.

அந்த அட்டைக்கு எல்லைகளும் உண்டு. தனியார் பஸ்ஸில் செல்லாது. எழுதியிருக்கும் பாதையைத் தாண்டினால் செல்லாது. காலம் முடிந்தால் செல்லாது. மதியச் சாப்பாட்டுக்கு அது காசு தராது. முக்கியமாக, அட்டை இருக்கிறது என்பதற்காக நிரம்பி வழியும் பஸ்ஸில் இடம் கிடைத்துவிடாது.

கட்டண விலக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி இயங்குகிறது. கல்விக் கட்டணம் என்பது கற்பிப்பதற்காகக் கல்லூரி வாங்கும் பணம். விடுதி, சாப்பாடு, புத்தகம், பஸ் செலவு எதுவும் அதில் சேராது. கட்டண விலக்கு என்றால், குறிப்பிட்ட சிலரிடம் அந்தப் பணத்தைக் கேட்பதில்லை என்று சட்டமோ கல்லூரியோ முடிவெடுப்பது. மாணவரின் கையில் ஒரு சதம்கூட வராது. பில்லில் ஒரு வரி பூச்சியமாகும், அவ்வளவுதான்.

புலமைப்பரிசில் வேறு. அது மாணவருக்காகக் கொடுக்கப்படும் பணம். சில புலமைப்பரிசில்களை விடுதிக்கும் புத்தகத்துக்கும்கூடச் செலவழிக்கலாம். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். நம்மவர்கள் பேச்சில் இந்த மூன்றும் "ஸ்கொலர்ஷிப்" என்ற ஒரே பெயரில் வந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

சுருக்கமாக: விலக்கு பில்லைக் குறைக்கும், காசு தராது, அனுமதியும் வாங்கித் தராது.

அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது?

இங்கே ஒரு வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் அரச பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அமெரிக்காவிலோ அரச பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்கும். கட்டணம் இருப்பதால்தான் அங்கே "விலக்கு" என்ற பேச்சே எழுகிறது.

அவசர சேவையாளர் என்று நான் சொல்வது, ஆபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடுவதையே கடமையாகக் கொண்டவர்களை: பொலிஸார், தீயணைப்புப் படையினர், அம்புலன்ஸ் ஊழியர்கள். இவர்களுடைய குடும்பங்களுக்கான விலக்கு அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான ஒரே சட்டமாக இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று சட்டம் போட்டிருக்கிறது. பெரும்பாலும் அந்த மாநிலத்தின் அரச கல்லூரிகளில் மட்டும் அது செல்லும்.

இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருவோம். "தீயணைப்புப் படையில் வேலை செய்கிறார்" என்பதற்காக மட்டும் பொதுவாகப் பிள்ளைக்கு இந்த விலக்கு கிடைப்பதில்லை. இந்தச் சட்டங்களின் மையத்தில் இருப்பது ஓர் இழப்பு. கடமையின்போது அவர் இறந்திருக்க வேண்டும், அல்லது, சில மாநிலங்களில், ஊனமுற்று வேலை செய்ய முடியாதபடி ஆகியிருக்க வேண்டும். சம்பாதிக்கும் ஆளை ஊருக்காகப் பறிகொடுத்த வீட்டுக்கு ஊர் செய்யும் கைம்மாறு அது. உத்தியோகத்தோடு வரும் சலுகை என்று அதை நினைத்துக்கொள்வது அந்தக் குடும்பங்களுக்கும் நியாயமில்லை.

மூன்று மாநிலங்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கலிபோர்னியாவில், சட்ட அமலாக்கத்திலோ தீயணைப்பிலோ கடமையின்போது உயிரிழந்தவரின் துணைக்கும் பிள்ளைக்கும் அரச பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம் விலக்கப்படுகிறது. டெக்சாஸில் இறந்தவரின் பிள்ளைக்கு மட்டுமல்லாமல், கடமையில் காயப்பட்டு ஊனமுற்றவரின் பிள்ளைக்கும் உண்டு. சம்பளம் வாங்காத தொண்டர் தீயணைப்பு வீரரும் அங்கே கணக்கில் வருவார். ஆனால் வயதெல்லை இருக்கிறது: 21 வயதுக்குள் தொடங்க வேண்டும், 26 வயதோடு அல்லது பட்டப்படிப்புக்குரிய 120 பாட அலகுகளோடு முடிந்துவிடும். நியூயோர்க்கில் இருப்பது விலக்கே அல்ல, நினைவுப் புலமைப்பரிசில். அதனால் கல்விக் கட்டணத்துக்கு மேலே தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்துச் செலவுக்கும் ஓர் அளவு கிடைக்கிறது.

மாநிலங்களுக்கு மேலே மத்திய அரசின் ஏற்பாடும் ஒன்று உண்டு. பொதுப் பாதுகாப்பு அலுவலர்களின் குடும்பங்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் 1976இல் வந்தது. 1996இல் அதோடு கல்வி உதவியும் சேர்ந்தது. முதலில் மத்திய அரசின் சட்ட அமலாக்க அலுவலர் குடும்பங்களுக்கு மட்டும்தான், 1998இல் மாநில, உள்ளூர் அலுவலர்களின் குடும்பங்களுக்கும் விரிந்தது. இது மாதக் கணக்கில் வரும் பணம், அதிகபட்சம் 45 மாத முழுநேரப் படிப்புக்கு. பிள்ளைகளுக்கு இது பொதுவாக 27 வயதோடு நின்றுவிடும்.

சுருக்கமாக: எந்த மாநிலம், யார் இறந்தார் அல்லது ஊனமுற்றார், எந்தக் கல்லூரி, எந்த வயது என்ற நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விலக்கு உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

"கடமையின்போது" என்றால் எப்போது?

சட்டத்தில் அது ஒரு சின்னச் சொல், குடும்பத்துக்கு அதுதான் வாழ்வா சாவா. நெருப்புக்குள் போனவர் அங்கேயே இறந்தால் சந்தேகமில்லை. நெருப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றிரவே மாரடைப்பில் இறந்தால்? பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் கைவிடப்பட்டன. 2003இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டது. கடுமையான பணிக்குப் பிறகு 24 மணிநேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை அதைக் கடமையில் நேர்ந்த மரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அந்தத் திருத்தம். கடமையில் கண்ட கொடூரத்தால் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களையும் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளே கொண்டுவந்தது.

2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க் தீயணைப்புப் படையின் 343 பேர் ஒரே நாளில் இறந்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்து வருடக்கணக்கில் நோயோடு கிடந்து இறந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். காயம் ஒரு நாளில் நடந்ததா, பல வருடங்களில் நடந்ததா என்ற கேள்வி சட்டத்துக்குப் பெரிய சோதனையாகிவிட்டது. ஒரு சலுகையின் உண்மையான அளவு அதன் தலைப்பில் இல்லை, இந்த மாதிரிச் சொற்களுக்குக் கொடுக்கும் விளக்கத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்கு புரிவதற்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு மாணவிக்கு வருடச் செலவு மொத்தம் 30,000 டொலர். அதில் கல்விக் கட்டணம் 10,000. மிச்சம் 20,000 விடுதி, சாப்பாடு, புத்தகம், காப்புறுதி, இதர கட்டணங்கள்.

அப்பா கடமையில் இறந்தவர். மாநிலம் கல்விக் கட்டணத்தை விலக்குகிறது. அப்படியானால் அவள் தேட வேண்டியது 20,000 டொலர். "முழுக்க இலவசம்" என்ற பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கனவே பொய்யாகிவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் வசதி குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு பெல் என்று பெயர். திருப்பிக் கட்டத் தேவையில்லை. 2024-25 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டொலர். கடமையில் இறந்த அவசர சேவையாளரின் பிள்ளை, உரிய நிபந்தனைகளோடு, இந்த உச்ச அளவைப் பெறலாம். கேள்வி என்னவென்றால், பெல் பணமும் மாநில விலக்கும் எந்த ஒழுங்கில் கழிக்கப்படும்?

விலக்கு முதலில் வந்தால் 10,000 கட்டணம் முழுவதும் போய்விடும். பெல் பணம் 7,395 அப்படியே விடுதிப் பக்கம் போகும். அவள் தேட வேண்டியது 12,605 டொலர்.

பெல் முதலில் வந்தால் கதை வேறு. 7,395 கல்விக் கட்டணத்துக்குள் போய்விடும். மாநிலம் மிச்சம் 2,605ஐ மட்டும் விலக்கும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எதுவும் இல்லை. அவள் தேட வேண்டியது 20,000.

இரண்டு இடத்திலும் விளம்பரம் ஒன்றுதான்: "கல்விக் கட்டணம் முழு விலக்கு." அவள் கைக்கு வருவதில் வித்தியாசம் 7,395 டொலர். மற்ற உதவிகள் எல்லாம் கழிந்த பிறகு மிச்சத்தை மட்டும் விலக்கும் முறை, பார்க்கப் பெரிதாக இருந்தாலும், ஏழைப் பிள்ளைக்குத்தான் குறைவாக உதவுகிறது. இதை அநியாயம் என்றே சொல்வேன்.

சித்தப்பா கனடாவில் இருந்தால்?

ஒன்ராறியோ மாகாணத்தில் கொன்ஸ்டபிள் ஜோ மெக்டொனால்ட் என்ற பெயரில் ஒரு புலமைப்பரிசில் நிதி 1997 முதல் இருக்கிறது. கடமையில் கொல்லப்பட்ட ஒரு பொலிஸ்காரரின் பெயர் அது. கடமையில் உயிரிழந்த பொதுப் பாதுகாப்பு அலுவலர்களின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உயர்கல்விச் செலவுக்கு உதவுகிறது. இங்கேயும் நிபந்தனை அதேதான்: வேலையில் இருப்பது போதாது, இழப்பு நேர்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் உறவு. நம் வீடுகளில் பெரியப்பாவும் சித்தப்பாவும் தகப்பன் ஸ்தானத்தில்தான் இருக்கிறார்கள். அண்ணன் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இந்தச் சட்டங்கள் கேட்பது துணை, பிள்ளை, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை. நியூயோர்க் திட்டம் "பொருளாதார ரீதியில் தங்கியிருந்தவர்" என்று கொஞ்சம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதுவும் இறந்தவரின் உழைப்பில் வாழ்ந்தவருக்குத்தான். நோர்வூட்டில் இருக்கும் அண்ணன் மகளுக்காக, நலமாக வேலை செய்துகொண்டிருக்கும் சித்தப்பாவின் பெயரில் விண்ணப்பிக்க வழியில்லை. "வழி இருக்கிறது, காசு கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதாகையில் இருக்கும் விலக்கு

முகவர் நிலையம் சொல்வது இந்த எதுவும் அல்ல. ஒரு வெளிநாட்டுக் கல்லூரி மாணவர் சேர்க்கைக்காகத் தானே கொடுக்கும் தள்ளுபடி அது. தள்ளுபடியில் தவறில்லை. அது எதிலிருந்து தள்ளுபடி, எத்தனை வருடத்துக்கு என்பதைத்தான் கேட்க வேண்டும். முதல் வருடம் பாதி விலக்கி, இரண்டாம் வருடம் புள்ளி குறைந்தது என்று முழுக் கட்டணமும் கேட்டால், பாதி வழியில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்?

கல்லூரியின் கடிதத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ வாய்மொழியாக விளக்கினால் போதாது, மூலக் கடிதத்தையே கையில் வாங்குங்கள். அதில் விலக்குத் தொகை, காலம், தொடர்வதற்கான புள்ளி நிபந்தனை எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க மாணவர் விசாவுக்குப் போகிறவர் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டாலும் அந்தப் பொறுப்பு போகாது.

நம் மலையகத்தில் இது எங்கே பொருந்துகிறது?

இலவசக் கல்வி 1945இல் வந்தது, சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகக் கையேற்கத் தொடங்கியது 1970களில். அந்த இடைவெளியின் பாரத்தை மலையகம் இன்றும் சுமக்கிறது. ஆனாலும் பேராதனைக்கோ பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸவுக்கோ தெரிவாகும் ஒரு தோட்டப் பிள்ளைக்கு, முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் பூச்சியம். அப்பா அம்புலன்ஸில் வேலை செய்தாலும் சரி, கொழுந்து நிறுத்தாலும் சரி, அங்கே விலக்குவதற்கு எதுவுமில்லை.

சுமை வேறு இடத்தில் இருக்கிறது. விடுதி கிடைக்காவிட்டால் வெளியே அறை, மூன்று வேளைச் சாப்பாடு, புத்தகம், நகலெடுப்பு, வீட்டுக்கு வந்துபோக பஸ் காசு. இதற்குத்தான் 1981இல் தனிச் சட்டத்தோடு உருவான மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாயாக இருந்ததை 7,500 ஆக்க 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்கு மாணவர் உதவிப்பணம் இருக்கிறது. இரண்டுக்கும் குடும்ப வருமானத்தைக் கேட்பார்கள். ஆகவே கிராம அலுவலரிடம் வருமானச் சான்றிதழ் எடுப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். அமெரிக்க விலக்கைப் பற்றி விசாரிக்கும் நேரத்தில் இதை முடித்துவிடலாம்.

சுருக்கமாக: அங்கே கட்டணம் உண்டு, விலக்கும் உண்டு. இங்கே கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கான உதவிதான் தேவை.

ஆனால் அந்தச் சட்டங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. அது "யார்" என்ற கேள்வி.

மலையில் குளவி கொட்டினால் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். ஒருத்தி விழுந்து கிடக்கிறாள். தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் குளவிக்குள் திரும்பிப் போகிறார்கள். கம்பளியில் தூக்கி, வழுக்கும் படிக்கட்டில் இறங்கி, வண்டி வரக்கூடிய ரோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் அந்த வண்டி ரோடு வரைக்கும்தான் வரும். லயத்திலிருந்து ரோடு வரைக்கும் அம்புலன்ஸ் என்பது பக்கத்து வீட்டுத் தம்பிமார்தான்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், இராணுவம் வந்து சேருமுன் மண்ணைக் கிளறியது அயல் லயத்து ஆட்கள். அப்படித் தோண்டும்போது மேலே இருந்து இரண்டாவது சரிவு வந்து ஒருவர் இறந்தால் அவர் எந்தக் கணக்கில் வருவார்? பொலிஸ்காரரோ அரச ஊழியரோ இறந்தால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தோட்டத் தொழிலாளி மலையில் வேலை செய்யும்போது இறந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதுவோ தொழிலின் காரணமாக, தொழிலின்போது நேர்ந்த விபத்தைக் கேட்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு அடுத்த லயத்துப் பாட்டியைத் தோண்டி எடுக்கப் போனது தொழில் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

டெக்சாஸில் சம்பளமில்லாத தொண்டர் வீரரின் பிள்ளை கணக்கில் வருகிறது என்று மேலே சொன்னேன். அவர் யார், எந்தத் தொண்டர் படை, எப்போது அழைக்கப்பட்டார் என்பதைக் காட்ட ஒரு பதிவு இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. நம்மிடமும் 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. அதன் வழியில் கிராம மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவக் குழுக்களும் அமைக்கப்படுகின்றன. உங்கள் தோட்டத்தில் அப்படியொரு குழு இருக்கிறதா, மண்சரிவுக்கும் குளவிக்கும் ஓடுகிற இளைஞர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் எழுதுவியுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிரிவு, சேர்ந்த திகதி, கிராம அலுவலரின் கையொப்பம். நாளைக்கு இந்த நாட்டில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று ஓர் உதவித் திட்டம் வந்தால், அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.